விருந்துக்கு இனிப்பும் உப்புமாக பேக்ட் பீன்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து சாப்பிடும் இடத்தில் சைட் டிஷ்ஷாக வைக்க பேக்ட் பீன்ஸ் (இனிப்பும் உப்புமான சாஸில் ஊறி ஓவனில் வெந்த பீன்ஸ்) போல வசதியானது குறைவு. முந்தின நாளே செய்து வைக்கலாம். மறுநாள் ருசி கூடுமே தவிர குறையாது. வறுத்தது, சுட்டது, ரொட்டி, சோறு என்று எதோடும் சேரும். ஆனால் முதல் தடவை செய்பவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள்: பீன்ஸ் வேகாமல் நிற்கும், இல்லையென்றால் பாயசம்போல் தித்திக்கும். அதனால் அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

பீன்ஸ் என்றால் பச்சை பீன்ஸா?

இல்லை. காயாக நறுக்கிச் சமைக்கும் அந்தப் பச்சை பீன்ஸ் இனமே முற்றிக் காய்ந்தால் உள்ளே கிடைக்கும் விதைதான் இது. அதில் பல ரகம் உண்டு. பேக்ட் பீன்ஸுக்கு வழக்கமாக எடுப்பது நேவி பீன்ஸ் என்ற சின்ன வெள்ளை ரகம். அது கிடைக்காவிட்டால் கொஞ்சம் பெரிய வெள்ளை பீன்ஸ், புள்ளி போட்ட பின்ட்டோ பீன்ஸ், சிவப்பு கிட்னி பீன்ஸ் எல்லாம் சரிவரும். எனக்குச் சின்ன வெள்ளைதான் பிடிக்கும். தோல் மெல்லியது, உள்ளே வெண்ணெய்போல் இருக்கும், சாஸையும் நன்றாக உறிஞ்சும்.

இது எந்த ஊர்ச் சமையல்?

பீன்ஸ் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். இனிப்பான பேக்ட் பீன்ஸ் என்றதும் நினைவுக்கு வரும் ஊர், அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கும் பாஸ்டன். அங்கே குடியேறிய பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் ஓய்வு நாளில் அடுப்பு வேலை செய்யக் கூடாது என்று இருந்தவர்கள். அதனால் சனிக்கிழமையே பீன்ஸை மண்பானையில் போட்டு மெதுவாக வேகவைத்து, அன்று இரவும் மறுநாளும் சாப்பிட்டார்கள். கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்து அந்தத் துறைமுகத்துக்கு வந்து குவிந்த மொலாசஸ் அதில் சேர்ந்தது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் அடிமைகளாகப் பிடித்து வரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த ஊருக்கு ‘பீன்டவுன்’ என்ற செல்லப்பெயர் இன்றும் இருக்கிறது.

பிரிட்டனில் பேக்ட் பீன்ஸ் என்றால் தக்காளி சாஸில் ஊறிய டின் பீன்ஸ். ஹைன்ஸ் நிறுவனத்தின் டின்கள் 1886-ல் லண்டனின் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடையில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தன. இங்கே நாம் பேசுவது பாஸ்டன் பக்கத்து வகை, மொலாசஸ் சேர்த்தது.

மொலாசஸ் என்றால் என்ன? அது இல்லாமல் செய்யலாமா?

கரும்புச்சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரைப் படிகங்களை எடுத்த பிறகு எஞ்சும் கறுத்த, கெட்டியான பாகுதான் மொலாசஸ். வெறும் இனிப்பு மட்டும் இல்லை, லேசான கசப்பும் ஒருவிதக் கருகல் மணமும் அதில் இருக்கும். அந்தக் கசப்புதான் இந்தப் பதார்த்தத்தைத் தின்பண்டமாக மாறவிடாமல் காப்பாற்றுகிறது. மிகவும் கறுப்பான ‘பிளாக்ஸ்ட்ராப்’ வகை வேண்டாம், கசப்பு ஏறிவிடும்.

இல்லாவிட்டால் அடர்பழுப்புச் சர்க்கரையைக் கூட்டிக்கொள்ளுங்கள். அந்தச் சர்க்கரையில் கொஞ்சம் மொலாசஸ் இருப்பதால்தான் அதற்கு அந்த நிறம். மேப்பிள் சிரப்பும் நன்றாக இருக்கும். தேன் சேர்த்தால் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்த உணவைக் கொடுக்கக் கூடாது. சமைத்தாலும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

அளவு சொல்லுங்கள்.

மற்ற பதார்த்தங்களும் இருக்கும் விருந்தில் 12 பேருக்குத் தாராளமாகப் போதும்:

காய்ந்த வெள்ளை பீன்ஸ் 500 கிராம் (அல்லது 400 கிராம் டின் 5), எண்ணெய் அல்லது வெண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், பெரிய வெங்காயம் 2, பூண்டு 4 பல், தக்காளி கெட்சப் முக்கால் கப், பழுப்புச் சர்க்கரை கால் கப், மொலாசஸ் கால் கப், மஸ்டர்ட் சாஸ் (கடுகு சாஸ்) ஒன்றரை டேபிள்ஸ்பூன், வினிகர் 2 டேபிள்ஸ்பூன், புகையூட்டிய பாப்ரிகா தூள் (ஒரு வகைச் சிவப்பு மிளகாய்த்தூள்) 1 டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், உப்பு, பீன்ஸ் வெந்த தண்ணீர் ஒன்றரையிலிருந்து 2 கப் வரை.

பீன்ஸைத் தனியாக முழுக்க வேகவைத்து வடித்து, அந்தத் தண்ணீரை எடுத்து வையுங்கள். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி நல்ல பொன்னிறம் வரும்வரை வதக்குங்கள். இதில் அவசரப்பட வேண்டாம், 15 நிமிடமாவது ஆகட்டும். பூண்டைப் போட்டு ஒரு நிமிடம் கழித்து மற்றதெல்லாம் சேருங்கள். ஆனால் மஸ்டர்டிலும் வினிகரிலும் பாதியை மட்டும் இப்போது ஊற்றி, மீதியைத் தனியே வையுங்கள். ஒரு கொதி வந்ததும் பீன்ஸைப் போட்டு உடையாமல் கிளறுங்கள். இந்த நேரத்தில் பார்க்கத் தண்ணீராகத்தான் இருக்கும், பீன்ஸ் மூழ்கும் அளவுக்குச் சாறு நிற்கும். பயப்பட வேண்டாம்.

ஓவனில் 160 டிகிரி செல்சியஸ் சூட்டில் மூடி போட்டு ஒரு மணி நேரம், மூடியை எடுத்து இன்னும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். மேலே கறுத்துப் பளபளவென்று ஒரு படலம் கட்டி, ஓரங்களில் குமிழ் மெதுவாக வெடிக்கும்போது வெளியே எடுங்கள். எடுத்து வைத்த மஸ்டர்டையும் வினிகரையும் அப்போது கலந்து 15 நிமிடம் அப்படியே விடுங்கள்.

டின் பீன்ஸா, காய்ந்த பீன்ஸா?

நேரம் இருந்தால் காய்ந்தது. பீன்ஸ் வெந்த தண்ணீர் கையில் கிடைக்கும், அதுதான் சாஸுக்கு உடம்பு கொடுக்கும். டின் வாங்கினால் வெறும் உப்புத்தண்ணீரில் இருப்பதை வாங்கி, வடித்து, அலசிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வெந்திருப்பதால் 175 டிகிரியில் மூடாமல் ஒரு மணி நேரம் போதும். தக்காளி சாஸில் வரும் டின்தான் கிடைக்கிறது என்றால் அதில் உப்பும் சர்க்கரையும் முன்பே இருக்கிறது. கெட்சப்பை விட்டுவிடுங்கள், சர்க்கரையை ருசி பார்த்துப் போடுங்கள்.

எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும்?

எட்டு மணி நேரத்திலிருந்து ஒரு ராத்திரி வரை. மறந்துபோனால் தண்ணீரில் போட்டு 2 நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, மூடி ஒரு மணி நேரம் வைத்தால் சமாளிக்கலாம்.

ஊறும் தண்ணீரில் உப்புப் போடுங்கள். லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக. உப்புப் போட்டால் பீன்ஸ் வேகாது என்று பலர் சொல்வார்கள். நடப்பது நேர்மாறு. தோலை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்திலும் மெக்னீசியத்திலும் ஒரு பகுதியை உப்பில் இருக்கும் சோடியம் வெளியேற்றி அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. தோல் மெத்தென்று ஆகும், வேகும்போது வெடிப்பதும் குறையும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள்.

மூன்று மணி நேரம் ஓவனில் வைத்தும் பீன்ஸ் கடுக்கென்று இருக்கிறது. ஏன்?

இருபது பேருக்கு முதல்முறையாகச் செய்தபோது எனக்கும் இதுதான் நடந்தது. பீன்ஸ் முக்கால் பதம் வெந்ததும் கெட்சப், மொலாசஸ், வினிகர் எல்லாவற்றையும் ஊற்றி ஓவனில் வைத்துவிட்டேன். மீதி வேக்காடு அங்கே நடக்கும் என்று நம்பினேன். நான்கு மணி நேரம் கழித்தும் ஒவ்வொரு பீன்ஸின் நடுவிலும் ஒரு கட்டி இருந்தது. அன்று அதைப் பரிமாற முடியவில்லை. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, காரணத்தைத் தேடிப் புரிந்துகொள்ளவும் வைத்தது.

பீன்ஸ் மெத்தென்று ஆவதற்கு அதன் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பசை கரைய வேண்டும். புளிப்பு அதைக் கரையவிடாது. கால்சியம் அதை இன்னும் இறுக்கும், மொலாசஸில் கால்சியம் நிறைய. சர்க்கரையும் மெதுவாக்கும். ஆக, இந்த சாஸில் இருக்கும் முக்கியமான பொருள் எல்லாமே பீன்ஸை வேகவிடாமல் தடுப்பவைதான். சாஸ் சேர்ந்த நிமிடத்திலிருந்து பீன்ஸ் ஏறக்குறைய அதே பதத்தில் நின்றுவிடுகிறது.

இதையே திருப்பிப் பாருங்கள். நன்றாக வெந்த பீன்ஸை இந்த சாஸில் போட்டால், எத்தனை மணி நேரம் ஓவனில் இருந்தாலும் அது கரைந்து கூழாகாது. சாஸ் உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும், உருவம் மட்டும் குலையாது. பழைய காலத்துப் பானையில் ஒரு ராத்திரி முழுக்க இருந்தும் முழு முழுதாக நின்றதன் ரகசியம் இதுதான். வேகாத பீன்ஸைக் கெடுக்கும் அதே குணம், வெந்த பீன்ஸைக் காக்கிறது. எது முன்னால், எது பின்னால் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பதம் பார்க்க ஒன்றை மட்டும் எடுக்காதீர்கள். பாத்திரத்தின் வெவ்வேறு இடத்திலிருந்து ஐந்து எடுத்து, பல் படாமல் நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். ஐந்தும் மசிய வேண்டும். கரண்டியில் எடுத்து ஊதினால் தோல் சுருண்டு உரியும் என்பது பழைய அடையாளம். அது பாதி வெந்ததற்கான குறிதான். அதற்குப் பிறகும் வேகவிடுங்கள்.

தனியாக வேகவைக்கும்போதே வேகவில்லை என்றால் காரணம் வேறு. பீன்ஸ் பழசாக இருக்கலாம். வெப்பமும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் நெடுநாள் கிடந்தது எளிதில் வேகாது. தண்ணீர் கடினநீராக இருந்தாலும் இப்படி ஆகும், அதிலும் கால்சியம்தான் காரணம். 500 கிராமுக்குக் கால் டீஸ்பூன் சமையல் சோடா போட்டால் உதவும். அதற்கு மேல் போனால் சோப்பு வாடை வரும்.

ரொம்பத் தித்திக்கிறது. எப்படிச் சரிசெய்வது?

தண்ணீர் ஊற்றாதீர்கள். நீர்த்த தித்திப்புதான் கிடைக்கும். முதலில் ஒரு டீஸ்பூன் வினிகர், கலந்து ருசி. பிறகு இரண்டு சிட்டிகை உப்பு, திரும்பவும் ருசி. பிறகு அரை டீஸ்பூன் மஸ்டர்ட். இந்த மூன்றில் எது குறைந்தது என்று நாக்கே சொல்லிவிடும். பெரும்பாலும் வினிகராகத்தான் இருக்கும். அப்படியும் அடங்கவில்லை என்றால் சாஸ் இல்லாமல் வெந்த பீன்ஸை இன்னும் இரண்டு கப் சேருங்கள்.

தித்திப்பு ஏறிப்போவதற்குக் காரணம், சர்க்கரை மூன்று வழியாக உள்ளே வருவதை நாம் கணக்கில் எடுப்பதில்லை. பழுப்புச் சர்க்கரை ஒன்று, மொலாசஸ் ஒன்று, மூன்றாவது கெட்சப். பல கெட்சப்களில் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சர்க்கரைதான். போதாததற்கு ஓவனில் தண்ணீர் வற்ற வற்ற இனிப்பு இறுகும். ஆனால் மஸ்டர்டின் காட்டமும் வினிகரின் சுருக்கென்ற வாசனையும் சூட்டில் அடங்கிப்போகும். ஒரு பக்கம் ஏறுகிறது, மறுபக்கம் இறங்குகிறது. அதனால்தான் அந்த இரண்டிலும் பாதியைக் கடைசிக்கு எடுத்து வைக்கச் சொன்னேன். ஓவனில் வைக்கும் முன் சாஸ் உங்கள் நாக்குக்குக் கொஞ்சம் இனிப்புக் குறைவாகத் தெரிய வேண்டும். அதுதான் சரியான அளவு.

உப்பும் அப்படியே. முதலில் குறைவாக, முடிவில் சரிபார்த்து.

இறைச்சி இல்லாமல் ருசி வருமா?

வரும். உப்பிட்ட பன்றி இறைச்சியோ பேக்கனோ சேர்ப்பது பழைய வழக்கம். அது தருவது கொழுப்பு, உப்பு, புகை மணம். மூன்றுக்கும் வேறு வழி இருக்கிறது. கொழுப்புக்கு வெண்ணெய் அல்லது எண்ணெய், புகைக்கு அந்த பாப்ரிகா தூள், ஆழமான உப்புச் சுவைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ். வெங்காயத்தை உண்மையிலேயே பொன்னிறமாக வதக்கியிருந்தால் இறைச்சி இல்லாத குறை தெரியாது.

ஒன்று கவனியுங்கள். சிலர் இதில் வூஸ்டர்ஷையர் என்ற புளிப்பு சாஸும் ஊற்றுவார்கள், அதில் பலவற்றில் நெத்திலி மீன் இருக்கும். சைவம் என்று சொல்லிப் பரிமாறுவதாக இருந்தால் பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். சாதாரண சோயா சாஸில் கோதுமை உண்டு, கடுகு ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. பெரிய கூட்டத்தில் ஒரு சின்ன அட்டையில் இவற்றை எழுதிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவது நல்லது.

பேக்கன் சேர்ப்பவர்கள் 150 கிராமை நறுக்கி முதலில் வறுத்து, அந்தக் கொழுப்பிலேயே வெங்காயத்தை வதக்கினால் வேறு எண்ணெய் தேவையில்லை. உப்பைப் பாதியாக்குங்கள்.

சாஸ் தண்ணீராக இருக்கிறது / இறுகிவிட்டது.

சூடாக இருக்கும்போது கொஞ்சம் தளர்வாகத் தெரிவதே சரி. ஆற ஆற பீன்ஸின் மாவுச்சத்து அதைக் கெட்டியாக்கும். நிஜமாகவே தண்ணீராக இருந்தால் ஒரு கரண்டி பீன்ஸை மசித்துக் கலந்து, மூடாமல் இன்னும் 20 நிமிடம் வையுங்கள். இறுகிப்போனால் எடுத்து வைத்த பீன்ஸ் தண்ணீரைச் சூடாக்கிக் கால் கால் கப்பாக ஊற்றுங்கள்.

எந்தப் பாத்திரம் நல்லது?

கனமான அடியுள்ள எனாமல் பூசிய இரும்புப் பாத்திரம், பீங்கான், மண்பானை, கண்ணாடித் தட்டம் எதுவும் சரி. பூச்சு இல்லாத அலுமினியம் வேண்டாம். புளிப்பு பட்டு உலோக வாடை வரும்.

ஓவன் இல்லை. என்ன செய்ய?

அடி கனமான பாத்திரத்தில், மிகச் சிறிய தீயில் வைத்து அவ்வப்போது அடியைத் தொட்டுக் கிளறினால் ஒரு மணி நேரத்தில் ஆகிவிடும். சர்க்கரை இருப்பதால் அடிபிடிக்கும், அடுப்பை விட்டு நகராதீர்கள். மேலே கட்டும் அந்தக் கறுத்த படலம் மட்டும் கிடைக்காது.

பீன்ஸை வேகவைக்க மட்டும் பிரஷர் குக்கர் அருமையான துணை. அழுத்தம் தானாக இறங்கும்வரை திறக்காதீர்கள், அவசரமாக ஆவியை விட்டால் தோல் பிளக்கும். ஸ்லோ குக்கரிலும் (குறைந்த சூட்டில் பல மணி நேரம் சமைக்கும் மின்பாத்திரம்) செய்யலாம், ஆனால் வெந்த பீன்ஸைத்தான் அதில் போட வேண்டும்.

ஸ்லோ குக்கரில் காய்ந்த பீன்ஸை வேகவைக்காமலே போட்டால் என்ன?

இதை லேசாக எடுக்காதீர்கள். காய்ந்த பீன்ஸில், அதிலும் சிவப்பு கிட்னி பீன்ஸில், லெக்டின் வகை நஞ்சு ஒன்று இருக்கிறது. நாலைந்து வேகாத பீன்ஸ் தின்றாலே சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். ஸ்லோ குக்கரின் மிதமான சூடு அதை அழிக்காது. அரைகுறை வேக்காட்டில் நஞ்சு இன்னும் கூடவும் கூடும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டால் அந்தக் கவலை இல்லை. டின் பீன்ஸ் ஏற்கெனவே வெந்தது.

40 பேருக்கு எப்படிக் கணக்குப் போடுவது?

ஆளுக்கு அரை கப் என்று வையுங்கள். 500 கிராம் காய்ந்த பீன்ஸ் வெந்தால் ஆறு, ஆறரை கப் வரும். ஆக 40 பேருக்கு ஒன்றரை கிலோவிலிருந்து ஒன்றே முக்கால் கிலோ வரை. எல்லாவற்றையும் ஒரே ஆழமான பாத்திரத்தில் கொட்டாதீர்கள். மேற்பரப்பு குறைந்தால் தண்ணீர் வற்றாது, நடுவில் சூடு போய்ச் சேர நேரம் பிடிக்கும். இரண்டு மூன்று அகலமான தட்டங்களாகப் பிரித்து வையுங்கள், நடுவில் ஒருமுறை தட்டங்களை மேலும் கீழும் மாற்றுங்கள்.

முந்தின நாளே செய்யலாமா? எடுத்துக்கொண்டு போவது எப்படி?

முந்தின நாள் செய்வதுதான் என் விருப்பம். சாஸ் ஊறிக் காரமும் இனிப்பும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். செய்ததும் ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வையுங்கள். பெரிய பாத்திரத்தோடு அப்படியே வைத்தால் நடுவில் வெதுவெதுப்பு பல மணி நேரம் நிற்கும், கிருமி பெருக அதுவே போதும்.

மறுநாள் அரை கப் தண்ணீர் தெளித்து, அலுமினியத் தாளால் மூடி, 160 டிகிரியில் முக்கால் மணி நேரம். நடுவில் 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். வினிகரையும் மஸ்டர்டையும் இந்தச் சூட்டுக்குப் பிறகு கலக்கலாம், இன்னும் துடிப்பாக இருக்கும். வேறு இடத்துக்குக் கொண்டுபோவதென்றால் மூடியோடு தடித்த துண்டில் சுற்றி, வெப்பம் காக்கும் பெட்டியில் வையுங்கள். பரிமாறும் இடத்தில் 60 டிகிரிக்கு மேல் சூட்டில் வைத்திருக்க வசதி இருந்தால் நேரக் கவலை இல்லை. இல்லாவிட்டால் வெளியே இரண்டு மணி நேரம்தான், 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரம்.

வயிறு ஊதுமே?

பீன்ஸில் இருக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளை நம் குடலால் உடைக்க முடியாது. அவை பெருங்குடலுக்குப் போய், அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று வாயுவை விடுகின்றன. ஊறிய தண்ணீரைக் கொட்டினால் ஓரளவு குறையும். டின் பீன்ஸை அலசுவதும் அதற்குத்தான்.

மீந்துபோனால்?

குளிர்பெட்டியில் 3 நாள், 4 நாள் நன்றாக இருக்கும். உறையவைத்தால் இரண்டு மூன்று மாதம். பாத்திரத்தில் மேலே ஒரு விரல் இடம் விடுங்கள், உறையும்போது விரியும். வறுத்த ரொட்டி மேல் குவித்து, ஒரு பொரித்த முட்டையை வைத்து மறுநாள் காலையில் சாப்பிட எனக்கு விருந்தைவிட அதிகம் பிடிக்கும். அதற்காகவே எப்போதும் கால் கிலோ கூடுதலாகப் போடுகிறேன்.